நோன்பும் முன்தகைவும்

துன்பம் வருமுன்பே ஒருவர் தாமாக வருத்தத்தை ஏற்பதில் பொருள் உண்டா? நோன்பை வீண் வதை என்போருக்கு முன்தகைவு கான்கிரீட் உத்திரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையில் அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பாரம் ஏறி உத்திரம் வளைந்தால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனால் எஃகு வடத்தை இழுத்துப் பூட்டி, அடிப்பக்கத்தை முன்கூட்டியே அழுத்தி வைக்கிறார்கள். பின்னால் வரும் பாரம் முதலில் அந்த அழுத்தத்தைத்தான் கரைக்க வேண்டும். ஆனால் இந்த உத்திரம் கண்மூடித்தனமான தவத்துக்குச் சாட்சி சொல்லாது. வடம் நடுவில் தாழ்ந்தும் முனைகளில் உயர்ந்தும் செல்வது, வளைவு எங்கே மிகும் என்று கணக்கிட்ட பிறகுதான். அளவு மீறி இறுக்கினால், பாரம் ஏறுமுன்பே மேற்பக்கம் பிளக்கும். தன் பலவீனம் எதுவென்று அறியாமல் பட்டினி கிடப்பவரிடம் கர்வம் வளர்வதும் இப்படித்தான்.

கான்கிரீட்டுக்கு வலி இல்லையே, அதை இறுக்குவது பிறர்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆகவே பிறர்மேல் சுமத்தும் நோன்புக்கு இந்த வாதம் துணை நிற்காது. ஏற்ற உறுதி நாளடைவில் தளராதா என்பது இன்னும் கடினமான கேள்வி. பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஃப்ரெய்சினே, தாம் கட்டிய லெ வெர்துர் பாலத்தின் வளைவுகள் மெல்ல மெல்லத் தாழ்வதைக் கண்டார். நீடித்த அழுத்தத்தில் கான்கிரீட் சுருங்கிக்கொண்டே போகும். சாதாரணக் கம்பியின் இழுப்பு அதில் ஏறக்குறைய முழுதும் போய்விடும். 1928இல் காப்புரிமை பெற்ற அவரது முன்தகைவு முறை உயர்வலிமை எஃகைக் கேட்டது அதனால்தான். இன்றும் வடிவமைப்பாளர் இழப்பைக் கழித்து, எஞ்சும் விசையை மட்டுமே நம்புகிறார். ஆண்டுக்கொரு நாள் விரதத்தை முழு ஆண்டுக்கும் நம்புகிறவர் அந்தக் கழித்தலைச் செய்வதில்லை.