கையோடு எடுப்பது யாருடையது

வெள்ளமோ தீயோ வீட்டை நெருங்கும் வேளையில் ஒருவர் தம் உடைமைகளில் எவற்றை எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும், எவற்றை விட்டுவிட வேண்டும் என்னும் கேள்வியை இந்தியச் சமய நூல்கள் பெரும்பாலும் பற்றறுத்தல் என்னும் தலைப்பின்கீழ் வைத்தே பேசியிருக்கின்றன. எதுவும் தனதில்லை என்று உணர்ந்தவனுக்கு எடுக்கவும் ஒன்றுமில்லை, இழக்கவும் ஒன்றுமில்லை என்பது அவற்றின் பொதுவான விடை. அந்த விடை உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது தனியொருவனை, அதிலும் இல்லறத்தைக் கடந்துவிட்ட ஒருவனை, மனத்தில் கொண்டு சொல்லப்பட்டது. குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டும்போதும் அதே விடை போதுமா என்பது தனியே ஆராயத்தக்கது.

அந்த ஆராய்ச்சிக்கு மகாராஷ்டிரத்தின் கல்யாண் நகரம் பொருத்தமான களம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜ்மாச்சிப் பகுதியில் தோன்றிக் கர்ஜத், பத்லாபூர் வழியாக இறங்கிவரும் உல்ஹாஸ் ஆறு, ஓதம் எனப்படும் கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை உணரத் தொடங்கும் இடத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. அம்பர்நாத் பக்கத்திலிருந்து வரும் வால்துனி ஆறும் இங்கேயே வந்து கலக்கிறது. மலையில் பெய்த மழை இறங்கிவரும் நேரமும் கடல்நீர் கழிமுகத்தின் வழியே ஏறிவரும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், ஆற்று நீர் போக வழியின்றித் தாழ்வான குடியிருப்புகளுக்குள் புகுந்துவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையம் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. கல்யாண், உல்ஹாஸ்நகர், பத்லாபூர் ஆகிய ஊர்கள் நீரில் மூழ்கின. அந்தப் பெருமழையில் மகாராஷ்டிரம் முழுவதிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஜூலை 27 அன்று இதே ஆற்றின் வெள்ளம் பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி விரைவு ரயிலைச் சூழ்ந்துகொள்ள, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளைக் கொண்டு மீட்க வேண்டியிருந்தது.

இத்தகைய வெள்ளத்தில், சால் எனப்படும் வரிசை வீடுகளிலும் பழைய கட்டடங்களின் தரைத்தளத்திலும் குடியிருப்போருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. பீரோவில் உள்ள நகை, பரணில் உள்ள பெட்டி, பூஜை அலமாரியில் உள்ள படங்கள், சுவரில் மாலையோடு தொங்கும் தாய் தந்தையரின் புகைப்படம், பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்த ரேஷன் கார்டு ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் கண்முன் நிற்கின்றன. இரண்டு கைகளில் ஒன்று குழந்தைக்கு என்றாகிவிட்டால், மீதமிருக்கும் ஒரு கை எதை எடுக்க வேண்டும் என்பதை வீட்டில் உள்ளோர் முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கணத்தில் பற்றறுப்பை மட்டும் உபதேசிக்கும் மெய்ப்பொருளியல் அவர்களுக்குத் துணைவராது.

பழைய நூல்களே இதை உணர்ந்திருந்தன என்பதற்கு மகாபாரதத்தின் சாந்தி பருவம் சான்றாகும். போரில் வென்றும் மனம் நொந்து துறவை நாடும் தருமன், மிதிலை நகரமே பற்றி எரிந்தாலும் தன்னுடையது எதுவும் எரியவில்லை என்று அந்நகரின் அரசன் சனகன் கூறியதாக வழங்கும் கூற்றைத் தனக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுகிறான். இந்தக் கூற்று மிகப் பரவலாக அறியப்பட்டது. சமணரின் உத்தராத்தியயன சூத்திரத்தில் நமி என்னும் அரசனின் வாயிலாகவும், பௌத்த சாதகக் கதைகளில் மகாசனகனின் வாயிலாகவும் இதே கருத்து வருகிறது. ஆனால் அருச்சுனன் அதற்கு மறுமொழியாக அதே சனகனின் மனைவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அரசைத் துறந்து பிச்சை ஏற்கப் புறப்பட்ட கணவனிடம் அவள், உன் கமண்டலத்தை ஒருவன் உடைத்து, தண்டத்தையும் ஆடையையும் பறித்துக்கொண்டு போனால் அப்போது உன் மனம் எந்த நிலையில் இருக்கும் என்று கேட்கிறாள். மமகாரம், அதாவது எனது என்னும் உணர்வு, பொருளின் அளவைப் பொறுத்ததன்று என்பதை அவள் கேள்வி காட்டுகிறது; அதைவிடக் கூர்மையாக, நாட்டை நம்பி வாழ்ந்தவர்கள் எங்கே போவார்கள் என்னும் வினாவையும் அவள் எழுப்புகிறாள். எரியும் மிதிலையில் அரசனுடையது எதுவும் இல்லாதிருக்கலாம். மிதிலையில் வாழ்ந்தவர்களுடையது இருந்தது. அவளுடைய குரலே இந்த விவாதத்தில் வலிமை மிக்கது. பிற்கால ஆசிரியர்கள் சனகனின் கூற்றை மட்டும் தனியே எடுத்துப் போற்றிவந்தது ஒரு குறையே ஆகும்.

அப்படியானால் உடைமையை வேறு எந்த வழியில் எண்ணுவது? வைதிக மரபில் ருணம் என்னும் கருத்து இதற்கு இடம் தருகிறது. அந்தணன் பிறக்கும்போதே கடன்களோடு பிறக்கிறான் என்றும், அவை தேவர்க்கும் முனிவர்க்கும் முன்னோர்க்கும் பட்ட மூன்று கடன்கள் என்றும் தைத்திரீய சம்ஹிதை கூறுகிறது. வேள்வியால் முதலாவதும், கல்வியால் இரண்டாவதும், மக்கட்பேற்றால் மூன்றாவதும் தீர்கின்றன. இக்கருத்தின்படி ஒரு வீட்டில் இருக்கும் பொருள்களில் ஒரு பகுதி வீட்டாருக்குச் சொந்தமானது அன்று. அது பிறருக்குச் சேர வேண்டியது, இடையில் இவர்கள் கையில் தங்கியிருப்பது. ஆபத்து வரும்போது எடுத்துச் செல்ல வேண்டியது அந்தப் பகுதியே என்று கொண்டால், பற்றறுத்தலும் காப்பாற்றுதலும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு திருவரங்கம். 1323-இல் டெல்லி சுல்தானகத்தின் உலுக் கானின் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, கருவறையில் உள்ள மூலவரின் முன்னே சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, விழாக்களில் எழுந்தருளும் உற்சவத் திருமேனியை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுமை எய்தியிருந்த வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் சிறு குழுவினருடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார் என்று வைணவ மரபு கூறுகிறது. வழியில் கள்வர்கள் பெருமாளின் செல்வத்தைப் பறித்தபோது அவர் கலங்காமல் தம்மிடம் இருந்ததையும் கொடுத்துவிட்டார் என்றும் அம்மரபு சொல்கிறது. மதுரைக்கு அருகே சோதிஷ்குடியில் அவர் உயிர் நீத்தார். திருமேனியோ மலையாள நாடு, திருநாராயணபுரம், திருமலை என ஊர் ஊராகச் சென்று, விசயநகரத் தளபதி கோபண்ணரின் முயற்சியால் 1371-இல்தான் திருவரங்கம் திரும்பியது. அதே அழிவில் மற்றொரு வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் வேறொரு சுமையை ஏற்றார். இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய விரிவுரையான சுருதப்பிரகாசிகையின் சுவடியையும், சூரியின் இரண்டு இளம் மகன்களையும் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிணங்களுக்கிடையே மறைந்திருந்து அவற்றையும் அவர்களையும் அவர் மீட்டார் என்பது மரபு. திருமேனி, சுவடி, குழந்தைகள்: தெய்வத்துக்கும் முனிவருக்கும் முன்னோருக்கும் பட்ட மூன்று கடன்களும் அந்த ஒரே நிகழ்ச்சியில் கைமாறிச் சென்றன. எடுத்துச் சென்ற எதுவும் எடுத்தவர்களுடையது அன்று. தமக்கென இருந்ததை அவர்கள் தயங்காமல் விட்டுவிட்டார்கள்.

இது தனிமனிதரின் வீரத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆகம நூல்கள், அதாவது கோயிலையும் வழிபாட்டையும் வகுத்துச் சொல்லும் நூல்கள், இத்தகைய நாளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தன. வைகானச மரபைச் சேர்ந்த, மரீசி முனிவர் பெயரால் வழங்கும் விமானார்ச்சன கல்பம், பகைவராலோ கள்வராலோ அச்சம் நேரும்போது உலோகத் திருமேனிகளை மறைவிடத்தில் குழி தோண்டி, நிலமகளை வேண்டிக்கொண்டு, மண்ணுள் வைக்கும் முறையைக் கூறுகிறது. அச்சம் நீங்கும்வரை வழிபாடு நின்றுவிடாதபடி, தருப்பைப் புல்லை முடிந்து செய்யும் கூர்ச்சத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து பூசிக்கலாம் என்றும் விதிக்கிறது. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் திருப்பணிக்காக மண் எடுத்தபோது தெய்வத் திருமேனிகளும் தேவாரப் பதிகங்கள் பொறித்த செப்பேடுகளும் ஒருங்கே வெளிப்பட்டன. முன்பு எப்போதோ யாரோ சிலர் அவற்றைக் காக்கும் நோக்கத்தோடு மண்ணிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். சைவ மரபிலும் மணல், அரிசி, மலர் போன்றவற்றால் ஒருவேளைப் பூசைக்கென அமைத்துப் பின் கலைத்துவிடும் க்ஷணிக லிங்கத்துக்கு இடமுண்டு. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் குலதெய்வக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து புதிய ஊரில் நிலையம் அமைக்கும் வழக்கம் இதற்கு இணையான நாட்டார் வடிவம். ஒரு பிடி மண்ணில் தெய்வம் வரும் என்று நம்பும் மக்களுக்கு, பூஜை அலமாரிப் படங்களை வெள்ளத்தில் விட்டுவர நேர்ந்தால் அதனால் தெய்வக்குற்றம் வந்துவிடுமோ என்னும் அச்சம் தேவையில்லை. அவர்களுடைய மரபே அந்த அச்சத்துக்கு விடை சொல்லிவிட்டது.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, இதே சிக்கலை வேறொரு பக்கத்திலிருந்து அணுகுகிறது. வேலை செய்வது விலக்கப்பட்ட ஓய்வுநாளில் வீடு தீப்பற்றினால், மறைநூல் சுவடிகளை எடுத்துக் காக்கலாம்; உணவைப் பொறுத்தவரை மூன்று வேளைக்கு உரியதை மட்டும் எடுக்கலாம். அளவு விதித்ததற்கு அந்த மரபின் அறிஞர்கள் தந்த காரணம் ஆழமானது: தன் பொருள் அழிவதைக் காணும் மனிதன் நிலைதடுமாறுவான், அனைத்தையும் மீட்க இடம் கொடுத்தால் அவன் மறந்துபோய்த் தீயை அணைக்கவும் முற்பட்டுவிடுவான் என்று அவர்கள் கருதினார்கள். தடுமாறும் மனத்திடம் தேர்வை விடக்கூடாது என்பதே அதன் உட்கருத்து. கல்யாண் போன்ற ஊரில் ஒவ்வொரு ஜூன் மாதமும், மழை இறங்குவதற்கு முன்பே, வீட்டார் ஒருங்கே அமர்ந்து முடிவு செய்ய வேண்டிய செய்தி இது. வீட்டுப் பெண்களின் சொல் அந்த முடிவில் முதன்மை பெற வேண்டும், ஏனெனில் எது எங்கே இருக்கிறது என்பதையும் எது யாருக்குச் சேர வேண்டியது என்பதையும் பெரும்பாலும் அறிந்தவர்கள் அவர்களே.

அவ்வாறு அமர்ந்து எண்ணும் ஏழைக் குடும்பம், நகைக்கும் முன்பாகக் காகிதத்தையே குறிப்பிடும். குடிசைப் பகுதிகளில் இன்ன தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்ததை நிறுவுவோருக்கே மாற்று வீட்டுரிமை என்பது மகாராஷ்டிரத்தின் நடைமுறை. அந்தத் தேதி ஒரு காலத்தில் 1995 ஜனவரி 1 என்றும் பின்னர் 2000 ஜனவரி 1 என்றும் வகுக்கப்பட்டது. மும்பையில் 1976-இல் நடந்த குடிசைக் கணக்கெடுப்பை அடுத்து வழங்கிய போட்டோ பாஸ் என்னும் அடையாள அட்டை, பழைய ரேஷன் கார்டு, பல ஆண்டுகளுக்கு முந்தைய மின்கட்டண ரசீது ஆகியவை இதனால் ஒரு குடும்பத்தின் இருப்பையே தாங்கி நிற்கின்றன. சமய நூல்கள் பேசாத இந்தக் காகிதக் கட்டு, கடன் என்னும் அளவுகோலில் மிக உயர்ந்த இடத்தைப் பெறுகிறது, ஏனெனில் அது எடுப்பவருக்காக அன்றிப் பிள்ளைகளுக்காக எடுக்கப்படுவது. நனைந்தால் அழிந்துபோகும் ஒரு துண்டுக் காகிதத்தின்மேல் ஒரு குடும்பத்தின் கூரையை நிறுத்தி வைத்திருப்பது அரசு செய்யும் அநீதி என்பதையும் சொல்லாமல் விட இயலாது. அந்தச் சுமையை வெள்ளத்தில் நிற்பவரின் கையிலிருந்து அரசுதான் இறக்க வேண்டும்.

கடன் என்னும் இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்காத பொருள்களும் உண்டு. இறந்த தாயின் புடவை, பிரிந்துபோன குழந்தையின் கொலுசு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளில் தந்தை வாங்கித் தந்த புத்தகம் போன்றவை யாருக்கும் சேர வேண்டியவை அல்ல. புகைப்படத்தை, முகம் பாராத பேரனுக்காக வைத்திருப்பது என்று சொல்லிவிடலாம். புடவையை அவ்வாறு சொல்ல முடியாது. அதைப் பற்று என்று பெயரிட்டு ஒதுக்குவது அவசரமான தீர்ப்பு. துயரத்துக்கும் ஓர் உரிமை உண்டு. ஒரு கை ஓய்வாக இருந்தால் அந்தப் புடவை எடுக்கத்தக்கதே, கை ஓய்வாக இல்லையெனில் அதை விட்டுச் செல்வதும் தாயைக் கைவிடுவது ஆகாது. இதற்கு மேல் ஒரு விதியை இங்கே நிறுவ இயலவில்லை. இழந்தபின் நெடுங்காலம் குற்றவுணர்வோடு வாழ்பவர்களுக்கு, அடைக்கலப் பொருள் பற்றி மனுநூல் வகுத்த விதி ஒன்று ஆறுதல் தரலாம்: பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தான் எடுத்துக்கொள்ளாத ஒருவனிடமிருந்து கள்வரோ நீரோ தீயோ அதைக் கொண்டுபோனால், அவன் அதற்கு ஈடு தர வேண்டியதில்லை.

பழைய கல்யாணின் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடலோடியின் கையேடான பெரிப்ளூஸ் இந்நகரைத் துறைமுகமாகக் குறிக்கிறது. அக்காலச் செல்வர்களின் மாளிகைகளும் சரக்குகளும் எஞ்சவில்லை. கன்ஹேரிக் குகைகளில் பௌத்தத் துறவிகளுக்கென அவர்கள் வெட்டித் தந்த நீர்த்தொட்டிகளும் உறைவிடங்களும், அங்குள்ள கல்வெட்டுகளில் கல்யாண் ஊரார் என்று பொறித்த பெயர்களும் எஞ்சின.

சதபத பிராமணம் மூன்று கடன்களோடு நான்காவதாக மனிதர்க்குப் பட்ட கடனைச் சேர்க்கிறது. உண்டியும் உறைவிடமும் தந்தே அது தீரும் என்கிறது. 2005-இல் மும்பைப் பகுதி முழுவதும் முன்பின் அறியாதவர்களுக்கு வீட்டைத் திறந்துவிட்டு உணவளித்தவர்கள் இந்தக் கடனையே தீர்த்தார்கள். தரைத்தளத்தில் இருப்பவர் எதை எடுப்பது என்று திகைக்கும் அதே நேரத்தில், மாடியில் இருப்பவருக்கு எடுக்க எதுவும் இல்லை. ஆகவே கீழ்வீட்டு முதியவரைத் தூக்கிவர ஓய்வாக இருக்கும் கைகள் அவருடையவை, ரேஷன் கார்டையும் புடவையையும் அடைக்கலமாக ஏற்று வைக்க உலர்ந்த அலமாரி இருப்பதும் அவர் வீட்டிலேயே. மழைக்காலத்துக்கு முன் எதை எடுப்பது என்று கீழ்வீட்டார் கூடிப் பேசும் நாளில், அந்தப் பேச்சில் மேல்வீட்டாரும் அமர வேண்டும்.