எச்சரிக்கை யாருக்கு?

நுவரெலியாவிலும் அட்டனிலும் மூடுபனி இறங்கிவிட்டால் சூரியன் இருக்கும் திசையும் தெரிவதில்லை. கொழுந்தெடுக்கும் கைகள் மட்டும் ஓய்வதில்லை. ஆனால் பனி மறைப்பது நம் கண்ணைத்தான். சூரியனிலிருந்து வரும் வானொலி அலைகளை அது தடுப்பதில்லை. 1942 பெப்ரவரியில் பிரித்தானிய ராடார்களில் எழுந்த பேரிரைச்சலை எதிரியின் சூழ்ச்சியென்றே முதலில் ஐயுற்றனர். சூரியனே அதன் பிறப்பிடம் என்று கண்டவர் ஜே. எஸ். ஹே.

இன்று அவ்விரைச்சலைக் கேட்டிருப்பது ஒரு காவற்பணி. சூரியனில் வெடிப்பு நேர்ந்தால் அதன் வானொலி அலை எட்டே நிமிடங்களில் நம்மை எட்டுகிறது. சிதறிய பொருள் இத்திசை நோக்கி வருமாயின், வந்துசேர ஒன்று முதல் மூன்று நாட்கள்வரை ஆகும். இந்த இடைவெளியே எச்சரிக்கைக்குக் கிடைக்கும் அவகாசம். 1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருண்டு கிடந்ததை உலகம் மறக்கவில்லை. ஓரிடத்தில் மறையும் சூரியன் வேறிடத்தில் உதிப்பதால், எந்த வல்லரசும் தன் மண்ணில் மட்டும் நின்று இக்காவலைச் செய்ய இயலாது. ஆகவே சுவிட்சர்லாந்தில் உருவான காலிஸ்டோ என்னும் மலிவான கருவி பல நாடுகளில் நிறுவப்பட்டது. மொரட்டுவையின் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்திலும், மற்றொரு தேயிலை மலையாகிய உதகையிலுங்கூட. அவற்றின் பதிவுகள் எவர்க்கும் பொதுவானவை. அறிவு தனிச்சொத்தாகாததைக் கண்டு நாம் மகிழலாம்.

ஆயினும், அறிந்து சொல்லிவிட்டால் கடமை முடிந்ததா? எச்சரிக்கை பெற்ற மின்நிலையம் சுமையைக் குறைத்துக்கொள்ளும். அதை நடத்துவோருக்கு அதற்கான அதிகாரம் உண்டு. எச்சரிக்கையைக் கேட்பது வேறு, அதன்படி நடக்க வல்லவராயிருப்பது வேறு அன்றோ?

மலையகமே இதற்குச் சான்று. கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரியும் அபாயம் உண்டென்று அதிகாரிகள் ஆண்டுகள் பல முன்பே அறிவித்திருந்தனர். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. "எச்சரித்தோமே, ஏன் போகவில்லை?" என்றனர் சிலர். எங்கே போவது? காணி தோட்டத்துடையது; லயம் வேலையோடு பிணைக்கப்பட்டது; 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மாற்று நிலம் காட்டாமல் "போ" என்பது, சொன்னவரின் பொறுப்பைக் கேட்டவர் தலையில் இறக்கிவைப்பதாகும் என்றே நாம் கருதுகிறோம்.

விஞ்ஞானியை நாம் குறைகூறவில்லை. மண்ணை ஆராய்ந்தவர் சரியாகவே சொன்னார். தப்பியவர்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கிடைத்தது 2016இல். அவ்வீடுகளை முதல் எச்சரிக்கை வந்த ஆண்டிலேயே கட்டத் தடையாயிருந்தது எது?