விடிய விடியக் கூத்துப் பார்த்தாய், இனி எழுது!

“தலைப்பே கிடைக்கவில்லை” என்று இனி ஒருமுறை சொல்லாதே. காஞ்சிபுரத்துப் பக்கம் மாகறலில் பிறந்து, செய்யாற்று மணலில் விளையாடி வளர்ந்துவிட்டு, நாடகத்தில் ஆய்வு செய்யப் பொருள் இல்லையே என்று ஒரு முதுகலை மாணவரோ மாணவியோ கையைப் பிசைந்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

உன் ஊர்க் கோயிலையே எடுத்துக்கொள். திருமாகறலை ஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது அந்தப் பதிகம். விளைந்த கழனியில் உழவர் பெண்கள் பாடி விளையாடி எழுப்பும் ஆரவாரத்தோடுதான் அது தொடங்குகிறது. உன் ஊரின் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் 7-ஆம் நூற்றாண்டுச் சாட்சி! அதே நூற்றாண்டில் காஞ்சியில் அரசனாக இருந்த மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதினான். கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் ஒருவன், நீதான் திருடினாய் என்று புத்த பிக்குவோடு காஞ்சித் தெருவில் மல்லுக்கு நிற்கிறான். கடைசியில் பார்த்தால் அதைக் கவ்விப் போனது ஒரு நாய். இந்த நாடகத்தை 1917-இல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி அச்சேற்றினார். கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் இதை வேண்டுதலாக நிகழ்த்தி வருகிறார்கள். காஞ்சியைப் பற்றிக் காஞ்சி அரசன் எழுதியது மலையாள மண்ணில் போய் ஏன் தங்கியது, இங்கே ஏன் தங்கவில்லை? ஒரு முனைவர் பட்டத்துக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும். சமஸ்கிருதம் வேண்டுமே, மலையாளம் வேண்டுமே என்று பின்வாங்குகிறாயா? சரி, விடு. உனக்குத் தெரிந்த மொழியில், நீ மடியில் படுத்துப் பார்த்த கலை ஒன்று இருக்கிறதே.

கூத்து! “கூத்தாடிப் பிழைப்பு” என்று ஊர் சிரித்ததே, அதே கூத்து. இந்தப் பக்கத்தில் வெயில் ஏறினால் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான். மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான். அன்று சாயங்காலம் தீமிதி. பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்த பிள்ளைதானே நீ? அந்த ஆட்டத்தைப் பார்க்க யார் யார் எங்கிருந்தெல்லாம் வந்தார்கள் என்று கேள்.

அமெரிக்காவிலிருந்து ரிச்சர்ட் பிராஸ்கா வந்தார்; அவருடைய தெருக்கூத்து நூலை ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1990-இல் வெளியிட்டது. ஆல்ஃப் ஹில்டபைடல் செஞ்சிப் பக்கம் அலைந்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இலும் 1991-இலும் இரண்டு கனத்த தொகுதிகள் எழுதினார். நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னே டி புருயின், இதே கூத்தைக் கட்டைக்கூத்து என்ற பெயரில் ஆராய்ந்து லைடன் பல்கலைக்கழகத்தில் முனைவரானார். 1999-இல் அது நூலாயிற்று. பட்டம் வாங்கியதும் ஊர் போய்ச் சேரவில்லை அவர். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலோடு சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கத்துக்காக உழைத்தார். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், அடவும் பழகினார்கள். ஆண்களே வேஷம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகள் கிரீடம் தரித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து, நம் பேச்சு வழக்கு பிடிபடும்வரை காத்திருந்து, கண்விழித்து உழைத்தார்கள். என் குறையெல்லாம் உன்மேல்தான். கூத்தின் கோமாளி கட்டியங்காரன் சொல்லும் சிலேடைக்கு ஆறு வயதிலேயே விழுந்து விழுந்து சிரித்தவர்கள் ஏன் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை?

“எனக்கு இங்கிலீஷ் வராது. நான் ஆடுகிற ஆள், எழுதுகிற ஆள் இல்லை” என்கிறாயா? இலங்கையில் மட்டக்களப்பைப் பார். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு ஊர்க் களரியில் ஆடிய கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அங்கே ‘இராவணேசன்’ கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. சலங்கை கட்டிய அந்த மனிதர்தான் பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து முனைவரானார். அந்த ஆய்வு தமிழ் நூலாக நம் கையில் இருக்கிறது. தாளம் எந்த இடத்தில் மாறுகிறது என்று ஆடிய காலுக்குத் தெரியும். உன் கால் கற்றதை எந்தப் பல்கலைக்கழக நூலகமும் உனக்குக் கடன் தர முடியாது.

ஆனால் ஊர்க்காரர் என்பதாலேயே ஆய்வு கூடி வந்துவிடாது. அங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ‘காஞ்சிபுரம் மாவட்டத் தெருக்கூத்து: ஓர் ஆய்வு’ என்று எழுதிக் கொடுக்காதே. அதற்குப் பெயர் தலைப்பில்லை, சோம்பல். பாவு பூட்டாத தறியில் எத்தனை நேரம் நாடா ஓட்டினாலும் சேலை வராது. கேள்வி இல்லாத ஆய்வேடும் அப்படித்தான், பக்கம் ஏறும், ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி எங்கே கிடைக்கும்? வா, காட்டுகிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டில் ஒரு பெரியவர் இறந்தால் கருமாதி ராத்திரியில் ‘கர்ண மோட்சம்’ வைக்கும் வழக்கம் உண்டு. விடியப் போகிற நேரம். கர்ணன் சாய்ந்துவிட்டான். குந்தி அவனை மடியில் கிடத்தி ஒப்பாரி வைக்கிறாள். குந்தி வேஷம் கட்டியிருப்பவர் ஓர் ஆண். கழுத்து நரம்பு புடைக்கிறது, வியர்வையில் அரிதாரம் கரைந்து தாடையோரம் கோடாக இறங்குகிறது. முகவீணைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலின் பின்னாலேயே ஊதிக்கொண்டு போகிறார். பந்தலில் முன்னால் உட்கார்ந்திருக்கும் மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். அவள் அழுவது கர்ணனுக்கா, அப்பாவுக்கா?

அங்கேயே நில். இதுதான் உன் கேள்வி!

அதே ஜமா, அதாவது அதே கூத்துக் குழு, அதே குந்தி, அதே ஒப்பாரி. பாரத விழாக் களரியில் எப்படி ஒலிக்கிறது? சென்னையில் ஓர் அரங்கில், ராத்திரி முழுதும் ஆடுவதை இரண்டு மணி நேரமாக ஒடுக்கி, நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்முன் ஆடும்போது என்ன ஆகிறது? எந்த அடி நீள்கிறது, எது உதிர்கிறது, கட்டியங்காரன் எங்கே குறுக்கே புகுந்து சிரிக்க வைக்கிறான், எங்கே வாயை மூடிக்கொள்கிறான்? ஒரு பாட்டு, மூன்று இடம். இவ்வளவு குறுக்கினால்தான் ஆழம் போக முடியும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1980-இல் நிகழ்த்துகை ஆய்வுக்கு (Performance Studies) என்று தனித்துறை வந்தபோது, ரிச்சர்ட் ஷெக்னர் போன்றவர்கள் வாதாடியதும் இப்படிக் களம் மாற்றிப் பார்ப்பதற்காகத்தான்: மேடை நாடகத்தோடு நிற்காதே, சடங்கையும் ஊர்வலத்தையும் விளையாட்டையும் சேர்த்துப் பார் என்று. அவர்கள் வாதாடி நிறுவ வேண்டியிருந்ததை உன் பாட்டி கேட்டால் “இதுல என்ன அதிசயம்?” என்பாள்.

சரி, கூத்து வாத்தியாரைப் போய்ப் பார். கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதே; வெற்றிலை பாக்கு, பழத்தோடு போ. என்ன செய்யப் போகிறாய், பதிவு யாரிடம் இருக்கும், யார் கேட்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. ராத்திரி முழுக்க ஆடியவரைக் காலையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்காதே. அவர் தூங்கி எழட்டும். கருமாதி வீட்டில் சம்மதம் வாங்காமல் எதையும் பதிவு செய்யாதே, சம்மதித்தாலும் அழுகிற முகத்துக்கு நேரே போனை நீட்டாதே. இன்னொன்று: வாழ்நாளெல்லாம் பாடியவரின் பாட்டை வாங்கிப் போட்டுவிட்டு, அவரைத் ‘தகவலாளர் 7’ ஆக்கிப் பின்னிணைப்பில் தள்ளும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் உண்டு. அது உன்னோடு ஒழியட்டும். அவர் விரும்பினால் பெயரை உள்ளே எழுது, கொட்டை எழுத்தில் எழுது. யார் ஆடலாம், யார் எந்தப் பக்கம் உட்காரலாம் என்று சாதி போட்ட கோடு கண்ணில் பட்டால் அதையும் எழுது. ஊர்ப் பாசத்தில் அதை மறைத்தால் நீ எழுதுவது ஆய்வாகாது, திருவிழா மலராகிவிடும்.

காசுக்கு வழி? யுஜிசி நெட் தேர்வில் நாடகமும் பாடம்தான், நாட்டார் இலக்கியமும் பாடம்தான். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023 ஜனவரியில் உயர்த்திய கணக்குப்படி, மாதம் 37,000 ரூபாய். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துக்கென்றே இடம் இருக்கிறது. முன்பெல்லாம் எம்.ஃபில். என்று நடுவில் ஒரு படி இருந்தது. 2022 விதிமுறைகளோடு அதை எடுத்துவிட்டார்கள். முதுகலையிலிருந்து நேரே பிஎச்.டி.தான். ஆகவே எம்.ஏ. கடைசிப் பருவத்தில் கடமைக்குக் கட்டிக் கொடுக்கிறாயே ஒரு திட்டக் கட்டுரை, அதுதான் இனி உன் ஒத்திகைக் களம். அதை நகலெடுத்து வீணாக்காதே!

“இதில் என்ன புதுசு?” என்று வழிகாட்டி கேட்பார். கேட்கத்தான் வேண்டும், அது அவர் வேலை. கைகட்டி நிற்காதே. இரண்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டு, கருமாதிப் பந்தலில் பாடியது ஒன்று, அரங்கில் பாடியது ஒன்று. வேறுபாடு எங்கே என்று கேட்டவர் காதுக்கே எட்டிவிடும். எட்டாவிட்டால் நீ எழுதி எட்டவை.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை இருக்கிறது. பக்கத்து ஜமா எந்தெந்த ஊரில் எந்தத் தேதிக்குத் தாம்பூலம் வாங்கியிருக்கிறது என்று விசாரி. ‘கர்ண மோட்சம்’ வைக்கிற இரவுகளை மட்டும் நாட்காட்டியில் வட்டமிடு. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, கீழே அந்தத் தேதிகளைப் போட்டு, திங்கட்கிழமை துறைக்குள் நுழைந்ததும் வழிகாட்டியின் மேசைமேல் வை.