மூத்தோரும் புதியோரும்: இணைய விளையாட்டுலகில் ஓர் அறவினா

விளையாட்டிலே அறம்பற்றிப் பேசுவது வேண்டாத வேலை என்பார் உளர். களத்துக்கு வெளியேயுள்ள உறவுகளுக்கே அறம் உரியது. களத்துள் வெற்றி ஒன்றே நோக்கம் என்பது அவர்தம் வாதம். 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் ட்ரப்ஷோ தொடங்கி, றிச்சேட் பார்ட்டில் தொடர்ந்து வளர்த்த 'மட்' என்னும் கணினி விளையாட்டு இவ்வாதத்தை ஆட்டங்காணச் செய்தது எனலாம். பலர் ஒரே வேளையில் புகுந்து உலாவிய அவ்வுலகில் விளையாடுபவர் எதிர்கொண்டது இயந்திரத்தை மட்டுமன்று, இன்னொரு மனிதரையும் ஆகும். மனிதரை மனிதர் சந்திக்கும் இடமெல்லாம் அறவினாவும் உடனெழுகின்றது.

அவ்வினாக்களுள் ஒன்றை இங்கு நோக்குவோம். நீண்டகாலம் ஆடித் தேர்ந்தவர், நேற்று வந்த ஒருவருக்கு ஏதேனும் கடமைப்பட்டவரா? "யாமும் வசைகேட்டே கற்றோம், இவரும் அவ்வாறே கற்கட்டும்" என்பதே தேர்ந்தோர் பலர் இறுக்கும் விடையாகும்.

2009 இல் வெளிவந்த லீக் ஒஃப் லெஜன்ட்ஸ் என்னும் விளையாட்டில் ஐவர் கொண்ட இரு அணிகள் மோதுகின்றன. ஒருவர் வீழ்த்தப்பட்டால் வீழ்த்தியவருக்குப் பொன்னும் வலிமையும் கிடைக்கின்றன. எனவே, புதியவர் வீழும் ஒவ்வொரு முறையும் எதிரணி வளர்கின்றது. தோழர் நால்வரின் உழைப்பும் வீணாகின்றது. அவர்கள் சொரியும் வசைமொழி பிறவிக் கொடுமையால் மாத்திரம் எழுவதன்று. விளையாட்டின் அமைப்பே அதற்கு விதையிடுகின்றது. 2011 இல் அந்நிறுவனம், முறைகேடாக நடப்போரை விளையாடுவோரே விசாரித்துத் தீர்ப்பளிக்கும் மன்றமொன்றை அமைக்க நேர்ந்தமை நோயின் கடுமைக்குச் சான்றாகும்.

ஆயின், பழி முழுவதையும் அமைப்பின்மேல் ஏற்றிவிட முடியாது. சமவலிமையுடையோரை எதிரெதிர் நிறுத்துவதற்கென்றே தரவரிசைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவ்வாறிருந்தும், தேர்ந்தவர் சிலர் புதுக் கணக்கொன்றைத் திறந்து, தொடக்கநிலையினர்போல வேடமிட்டு, உண்மையான தொடக்கநிலையினரை வேட்டையாடுகின்றனர். 'ஸ்மேர்ஃபிங்' என்பது இதற்கு விளையாடுவோரிடை வழங்கும் பெயர். இங்கு அமைப்பு அவர்களைத் தூண்டவில்லை. அமைப்பு இட்ட காவலை அவர்களே ஏமாற்றித் தாண்டுகின்றனர். தோல்வி வேறு, இழிவு வேறு. நேர்மையான போட்டியில் தோற்றவர் எதையேனும் கற்றுக்கொண்டு எழுகின்றார். வேடிக்கைப் பொருளாக்கப்பட்டவர் கற்பதற்கு அங்கு எதுவுமில்லை.

இதற்கு மாறான ஏற்பாடும் உண்டு. ஃபைனல் ஃபான்ரசி 14 இல் புதியவரின் பெயரருகே ஓர் இளந்தளிர்ச் சின்னம் தோன்றும். ஒரு களத்துக்கு முதன்முறை வருபவரைக் குழுவிற் கொண்டு அதனை நிறைவுசெய்வோருக்கு மேலதிகப் பரிசு வழங்கப்படும். அதனால் புதியவர் அங்கு பாரமல்லர், விருந்தினர். பரிசுக்காகக் காட்டப்படும் பரிவு அறமாகுமா என்று வினவலாம். கடமையுணர்வினின்று பிறவாத செயலுக்கு அறமதிப்பு இல்லை என்பார் கான்ற். நற்செயல்களைப் பலகாலும் செய்தே மனிதன் நல்லவனாகின்றான் என்பார் அரிஸ்ரோட்டில். இவ்விடத்தில் அரிஸ்ரோட்டிலின் கூற்றே எமக்கு ஏற்புடைத்தாகத் தோன்றுகின்றது. பரிசை நாடித் தொடங்கிய பொறுமை பழக்கத்தால் இயல்பாதல் கூடும். எனினும், பரிசு நின்றபின்னும் அது நிலைக்கின்றதா என்பதே உரைகல்.

இது திரைக்குள் முடிந்துவிடும் செய்தியன்று. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் எமது கல்விக்கூடங்களில் தடைசெய்த பகிடிவதையும், "யாம் பட்டதை நீரும் படுக" என்னும் அதே தருக்கத்தின்மேல் நிற்பதாகும். பட்ட துன்பம் பிறரைத் துன்புறுத்தும் உரிமையைத் தருவதில்லை; துன்பத்தை அறிந்தவர் என்ற பொறுப்பையே தருகின்றது. விதிகளையும் உத்திகளையும் மூத்தோர் எவரும் தனித்து நின்று படைத்துக்கொள்ளவில்லை. முன்வந்தோரிடமிருந்தும் உடனாடியோரிடமிருந்தும் பெற்றனர். பெற்றதைக் கையளிக்க மறுக்கும் தலைமுறையோடு விளையாட்டும் முடிந்துபோகும். பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும். ஆதலின், புதியவருக்கு வழிகாட்டுதல் மூத்தவர் இடும் பிச்சையன்று, திருப்பிச் செலுத்தவேண்டிய கடனேயாகும்.