கேட்டவருக்குச் சொல்லும் வார்த்தை ஓர் அமானிதம்



புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் முஸ்தஃபா ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்கள் வழி நடந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக.



தொழுகை முடிந்து வெளியே வந்ததும் பள்ளிவாசல் வாசலில் நாம் பேசிக்கொள்ளும் பேச்சைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். “பாய், பிள்ளைக்குக் காய்ச்சல் விடவே மாட்டேங்குது, எந்த டாக்டர்கிட்ட போகலாம்?” “மாமு, மாடிக்குத் தளம் போடணும், கை சுத்தமான கொத்தனார் யாராவது இருக்காங்களா?” “துறைமங்கலம் பக்கம் ஒரு வீடு வாடகைக்கு வருது, அங்கே தண்ணி எப்படி?” “தம்பி சவூதி போகணும்ங்கிறான், அந்த ஏஜென்ட் நம்பிக்கையான ஆளா?” “ஹள்ரத், அரியலூர்ல இருந்து மகளைக் கேட்டு வந்திருக்காங்க. பையனைப் பத்தி உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

கேள்வி சாதாரணமானதுதான். பதிலையும் செருப்பை மாட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். “தாராளமா போங்க, நல்ல மனுஷன்.” அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் மனைவியின் நகையை அடகு வைக்கிறார். ஒருவர் மகனை விமானம் ஏற்றுகிறார். ஒருவர் பெற்ற மகளையே கைபிடித்துக் கொடுக்கிறார். அந்த வார்த்தைக்கு மார்க்கத்தில் என்ன எடை என்பதைத்தான் இந்த ஜும்ஆவில் பார்க்கப் போகிறோம்.

திர்மிதியில் ஒரு நீண்ட ஹதீஸ் வருகிறது. ஒரு நாள் நபி (ஸல்) அவர்களும், அபூபக்ர் (ரழி), உமர் (ரழி) அவர்களும் பசியோடு அபுல் ஹைஸம் (ரழி) என்ற அன்ஸாரித் தோழரின் வீட்டுக்குப் போனார்கள். அவர் பேரீச்சங்குலையும் குளிர்ந்த தண்ணீரும் வைத்து, ஆடு அறுத்து விருந்து கொடுத்தார். வீட்டில் வேலைக்கு ஆளில்லாமல் அவரே தண்ணீர் சுமப்பதைப் பார்த்த நபியவர்கள், கைதிகள் வந்தால் நம்மிடம் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். பிறகு இரண்டு பேர் கொண்டுவரப்பட்டார்கள். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, எனக்காகத் தாங்களே தேர்ந்தெடுங்கள் என்றார் அபுல் ஹைஸம் (ரழி).

நபியவர்கள் உடனே ஆளைக் காட்டிவிடவில்லை. யாரிடம் ஆலோசனை கேட்கப்படுகிறதோ அவர் ஒரு அமானிதத்துக்குப் பொறுப்பாளர் ஆகிவிட்டார் என்பதை முதலில் எடுத்துச் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஒருவரைக் காட்டி, இவர் தொழுவதை நான் பார்த்தேன் என்று காரணத்தையும் சொன்னார்கள். அத்தோடு, இவரிடம் நல்ல முறையில் நடந்துகொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அந்த உபதேசத்தைக் கேட்ட தோழரின் மனைவி, அவரை விடுதலை செய்வதுதான் இதற்குப் பொருத்தம் என்று சொல்ல, அவரும் விடுதலை செய்துவிட்டார்.

இதில் நமக்கு மூன்று பாடம். ஒன்று, கேட்கப்பட்ட நிமிஷமே நம் தலையில் அமானிதம் ஏறிவிடுகிறது. இரண்டு, பார்த்ததைச் சொல்ல வேண்டும். பார்த்ததற்கு மேல் ஒன்றும் சேர்க்கக் கூடாது. மூன்று, நாம் யாரைக் காட்டிவிடுகிறோமோ அவருடைய ஹக்கும் இதில் இருக்கிறது. “நல்ல கொத்தனார்” என்று அனுப்பிவைத்தால் போதாது. கூலியைப் பேரம் பேசி இழுத்தடிக்காமல் கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.

சகோதரர்களே! “அஞ்சு வேளையும் முதல் ஸஃப்பில் நிற்பார், அவரை நம்பலாம்” என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தொழுகை பெரிய அடையாளம்தான். ஆனால் எல்லா விஷயத்துக்கும் அது ஒன்றே சான்றிதழ் ஆகிவிடுமா? உமர் (ரழி) அவர்களிடம் சாட்சி சொல்ல ஒருவர் வந்தார். உன்னை எனக்குத் தெரியாது, உன்னைத் தெரிந்தவரை அழைத்து வா என்றார்கள். இன்னொருவர் எழுந்து, எனக்கு இவரைத் தெரியும், நேர்மையானவர் என்றார். அவரிடம் உமர் (ரழி) மூன்று விஷயம் விசாரித்தார்கள். இவருடைய இரவையும் பகலையும் அறிந்த பக்கத்து வீட்டுக்காரரா நீர்? இவரோடு பணம் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா? இவரோடு பயணம் போயிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் இவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிவாசலில் அவர் தலை குனிந்து நிமிர்வதை மட்டும் பார்த்திருப்பீர் என்று அவர்கள் சொன்னதாகவும் சில அறிவிப்புகளில் வருகிறது.

அப்படியென்றால் அபுல் ஹைஸம் (ரழி) அவர்களுக்குத் தொழுகையைப் பார்த்துத்தானே ஆள் காட்டப்பட்டது என்று கேட்கலாம். நபியவர்கள் பார்த்ததைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இந்த மனிதரோ தொழுகையை மட்டும் பார்த்துவிட்டு, பணத்துக்கும் வழக்குக்கும் சேர்த்துச் சாட்சி சொன்னார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பண விஷயத்துக்கு வருவோம். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்களில் பணம் போட்டு எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன என்பது நினைவிருக்கும். 2022-ல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் விவகாரம் வெடித்தது. மாதத்துக்கு 25, 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் 1 லட்சம் பேரிடம் ஏறக்குறைய 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸார் சொன்னார்கள். போட்ட பணத்துக்கு நிச்சயமாக இவ்வளவு வரும் என்று சொன்னாலே அது வட்டி, ஹராம். அது தனிப் பாடம். இப்போது கேட்பது இதுதான்: இந்த மாதிரித் திட்டம் ஒரு தெருவுக்குள் எப்படி நுழைகிறது? விளம்பரம் மட்டும் போதாது. “நான் போட்டேன், மாசம் வந்துகிட்டுதான் இருக்கு, நீயும் போடு” என்று மச்சான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு லாத்தா சொல்ல வேண்டும். அப்போதுதான் நகை அடகுக்கடைக்குப் போகிறது.

பணம் போன பிறகு என்ன சொல்கிறோம்? “நான் சும்மா சொன்னேன், போட்டது அவன் இஷ்டம்.” குர்ஆனின் 4-வது அத்தியாயம் 85-வது வசனத்தைப் படித்துப் பாருங்கள். நல்ல பரிந்துரை செய்பவருக்கு அதன் நன்மையில் பங்கு உண்டு, கெட்ட பரிந்துரை செய்பவருக்கு அதன் தீமையில் பங்கு உண்டு என்ற கருத்தை அல்லாஹ் அங்கே தெளிவாகச் சொல்கிறான்.

பொறுப்பு ஏற்பது என்றால் என்ன என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பாலம் கட்டியவரும் அல்ல, ரயில் ஓட்டியவரும் அல்ல. ஆனாலும் தன் பொறுப்பில் நடந்தது என்று பதவியை விட்டு விலகினார். நாமோ நம் வாயால் சொன்ன வார்த்தைக்கே பொறுப்பில்லை என்கிறோம்.

அடுத்து, வெளிநாட்டு வேலை. லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடா உழைப்பில் எழும்பிய வீடுகள் எத்தனை! அதனால்தான் ஏஜென்ட்டைப் பற்றிய கேள்வி நம் ஊரில் தினமும் வருகிறது. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உண்டா இல்லையா என்பதை இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். தொழிலாளியிடம் அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே நின்று யோசியுங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன பிள்ளைகள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள். அவர்களில் 13 தமிழர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். ஆகவே ஏஜென்ட்டைப் பற்றி யாராவது கேட்டால், “என் மச்சான் அவர் மூலமாத்தான் போனான். ஆனா பதிவு எண்ணை நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்லுங்கள். அதுதான் முழுப் பதில்.

மருத்துவமும் அப்படித்தான். “அவர் ஒரு ஊசி போட்டார், எனக்குச் சரியாப்போச்சு” என்பது உங்கள் அனுபவம். இன்னொருவரின் நோய்க்கு அது ஆதாரம் ஆகாது. போர்டு மாட்டியவர்கள் எல்லாரும் டாக்டர்கள் அல்ல. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. பெரம்பலூரில் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சுவலி என்று ஒருவர் சொன்னால் கைவைத்தியம் சொல்லிக்கொண்டு நிற்காமல் 108-க்குப் போன் போட்டுக் கொடுப்பதுதான் நல்ல பரிந்துரை.

இப்போது மிகவும் கனமான விஷயம், திருமண விசாரணை. பையனைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரியும். குடிப்பான், அடிப்பான், கடன் தலைக்கு மேல் இருக்கிறது. பெண் வீட்டார் வந்து கேட்கும்போது, “கல்யாணம் ஆனா திருந்திடுவான்”, “நமக்கெதுக்குப் புறம் பேசின பாவம்” என்று மழுப்பிவிடுகிறோம். புறம் பேசுவது பெரும் பாவம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஃபாத்திமா பின்த் கைஸ் (ரழி) அவர்களின் ஹதீஸைப் பாருங்கள், ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. முஆவியா (ரழி), அபூ ஜஹ்ம் (ரழி) இருவரும் தம்மைப் பெண் கேட்டிருப்பதாக அவர் வந்து சொன்னார். நபியவர்கள் மழுப்பவில்லை. அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியாவிடம் செல்வம் இல்லை என்று உள்ளதைச் சொல்லி, உஸாமாவை மணந்துகொள்ளச் சொன்னார்கள். முதலில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. பிறகு மணந்தார், அதில் அல்லாஹ் நிறைய நன்மை வைத்திருந்தான் என்று அவரே சொல்கிறார்.

இப்படி எச்சரிப்பதற்காகச் சொல்வது தடுக்கப்பட்ட புறம் ஆகாது என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். எல்லையையும் அவர்களே வைக்கிறார்கள்: “இந்த இடம் உங்களுக்குச் சரிப்பட்டு வராது” என்ற வார்த்தையே போதுமானால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மற்ற குறைகளைக் கிளறக் கூடாது. கேட்டவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே சொல்லக் கூடாது. பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்ளச் சொன்னால் அது புறம்தான். ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் இதைச் சொல்கிறேன். வெளியூர் சம்பந்தத்துக்கு நாம் எழுதிக் கொடுக்கும் ஜமாஅத் கடிதம் ஒரு சாட்சியம். முதல் திருமணத்தை மறைக்க அந்தக் கடிதம் துணை போனால், அந்தப் பெண்ணின் கண்ணீருக்கு முத்திரை வைத்த கையும் மறுமையில் பதில் சொல்ல வேண்டும்.

நம் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. செட்டிகுளம் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக மண்டிக்குப் போகிறது. மேலே காய்ந்த நல்ல வெங்காயம், அடியில் அழுகல் வைத்தால் வியாபாரி சும்மா விடுவாரா? நபியவர்கள் மதீனாச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். வாடகை வீட்டைக் காட்டுகிறோம். சிமெண்ட் லாரி ராத்திரியெல்லாம் அந்த வழியாகத்தான் போகும், தூசி வரும் என்பதைச் சொல்வதில்லை. அதுவும் அடிமூட்டை அழுகல்தான்.

இன்னொன்று, மறைமுகக் கமிஷன். தரகுக் கூலி மார்க்கத்தில் ஆகும், “எனக்கு இதில் இவ்வளவு கிடைக்கும்” என்பது இருவருக்கும் தெரிந்திருந்தால். அண்ணன் மாதிரி யோசனை சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் கவரை வாங்கிக்கொள்வது அமானித மோசடி.

“நம்ம ஆளு” என்பதும் ஒரு தகுதி அல்ல. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண் எதை வைத்துப் பரிந்துரைத்தார்? வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று. 28-வது அத்தியாயம் 26-வது வசனம். ஹிஜ்ரத்தின்போது எதிரிகள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நபியவர்கள் வழிகாட்டியாக அமர்த்தியது அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரை. அவர் அப்போது முஸ்லிம் அல்ல. வழி தெரிந்தவர், நம்பிக்கையானவர், அவ்வளவுதான். நல்ல எலக்ட்ரீஷியன் மாற்று மதச் சகோதரராக இருந்தால் அவரையே சொல்லுங்கள். மாற்று மதத்து அண்டைவீட்டார் நம்மிடம் யோசனை கேட்டாலும் இதே அமானிதம்தான்.

கடைசியாக, கையிலிருக்கும் போன். வந்ததை எல்லாம் மஹல்லா குரூப்பில் தள்ளிவிடுகிறோம். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி 49-வது அத்தியாயம் 6-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கேட்டதை எல்லாம் பரப்புவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் ஹதீஸ் இருக்கிறது. “ஒருவர் சொன்னார்” என்பது விசாரணை ஆகாது.

ஆகவே சகோதரர்களே, யாராவது கேட்டால் நாலு விஷயத்தைப் பேணுங்கள். தெரிந்ததை மட்டும், எப்படித் தெரியும் என்பதோடு சொல்லுங்கள். அவசியமான குறையை மறைக்காதீர்கள். உங்களுக்கு அதில் லாபம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் “எனக்குத் தெரியாது” என்று சொல்லுங்கள். அதில் கௌரவம் குறையாது. கேட்பவரும் ஒருவர் வாய்ச்சொல்லோடு நிற்காமல் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்து, இஸ்திகாரா செய்து முடிவெடுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நாவை உண்மை பேசும் நாவாக ஆக்குவாயாக. எங்கள் வார்த்தையை நம்பியவர்களின் பணத்தையும் மானத்தையும் உயிரையும் பாதுகாப்பாயாக. எங்கள் பெண் பிள்ளைகளுக்கு நல்ல துணையையும், வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்கையும் பத்திரமான திரும்புதலையும் தருவாயாக. இந்த ஊரில் எல்லா மக்களும் ஒருவரை ஒருவர் நம்பி வாழும் பாக்கியத்தை நிலைக்கச் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.