தெரிந்தவன் கடன்

எங்கள் தெருமுனையில் ஒரு மின்சாரப் பெட்டி இருக்கிறது. வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி. சென்ற ஐப்பசி மழையில் அதன் கதவு துருப்பிடித்துக் கழன்று தொங்கியது. நனைந்த நாளில் தொட்டால் 'சுருக்'கென்று அடிக்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தெரிந்த நாங்கள் என்ன செய்தோம்? அவரவர் குழந்தைகளிடம், "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லி வைத்தோம். அத்துடன் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தோம். ஆனால் தெருவில் நடப்பவர்கள் எல்லோரும் நம் வீட்டுக் குழந்தைகள் அல்லவே! விடியற்காலையில் பால் போட வரும் பையனுக்கு யார் சொன்னார்கள்? அவன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவரும் நாய்க்கு யார் சொல்வது?

நாய்தான் செத்தது. பையன் நாலு அடி பின்னால் நின்றதால் பிழைத்தான். ரப்பர் செருப்புப் போட்டவனுக்கு வெறும் எறும்புக்கடியாகத் தோன்றும் அதே 230 வோல்ட், நனைந்த வெறுங்காலுக்கு எமன். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு மார்பு வழியே பாய்ந்தால் போதும், மனித இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும்.

அன்றைக்குத்தான் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டிய எர்த் கம்பி அறுந்திருந்ததாம். மாலைக்குள் சரிசெய்துவிட்டார்கள். போகும்போது அவர்களில் வயதானவர் கேட்டார்: "எத்தனை நாளா சார் இப்படி இருக்கு?"

"இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றேன்.

என்னை யாரும் குற்றம் சாட்டவில்லை. குற்றமில்லாதவன் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்?

1968-இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளநூல் அறிஞர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வேறோர் அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கச் செய்தார்கள். தான் ஒருவன்தான் அதைக் கேட்கிறோம் என்று நம்பியவர்களில் நூற்றுக்கு 85 பேர், குரல் அடங்குமுன் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களிலோ 31 பேர்தான். மற்றவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தவர்கள். எங்கள் தெருக்காரர்களைப் போல, என்னைப் போல.

பணக்கடனைப் பத்துப் பேர் பங்கிட்டுக்கொண்டால் ஒவ்வொருவர் பாரமும் குறையும். உயிர்க்கடன் அப்படிப் பிரிவதில்லை. பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால், பத்துப் பேர் தலையிலும் முழுக் கடன்.

பெட்டியைப் பார்த்துக்கொள்வது அலுவலகத்தின் வேலைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தெருவில் தினமும் நடப்பவை நம் கால்கள்; பார்ப்பவை நம் கண்கள். நாம் சொல்லியும் அவர்கள் வராவிட்டால் பழி அவர்களுடையது. நாம் சொல்லாமல் கழித்த நாட்களின் பழி நம்முடையது.

பெட்டிக்கு இப்போது புதுக் கதவு போட்டிருக்கிறார்கள். பால்காரப் பையன் தனியாகத்தான் வருகிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெரியவரின் கேள்வி எனக்குக் கேட்கிறது. அன்று சொல்லாத பதிலை இன்று சொல்லிவிடுகிறேன்:

இருபது நாளாக, ஐயா.