வாக்குக்கு முன் பட்டியல்

தேர்தல் முடிந்தது; பூசல் தொடங்கிற்று! நம் நாட்டு மன்றங்கள் பலவற்றின் கதை இதுதான். படிப்பகம் என்பர், நாடகக் குழு என்பர், நலச் சங்கம் என்பர். பெயர் வேறு, பிணி ஒன்று. தோற்றவர் "உறுப்பினர் பட்டியலே பொய்" என்கிறார். வென்றவர் "தோல்வியைத் தாங்க மாட்டாதவர் கூற்று இது" என்கிறார். இருவரில் நல்லவர் யார் என்று ஊர் ஆராய்கிறது. நாம் கேட்பது வேறொன்று: உறுப்பினர் யார் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு?

தமிழகமே பார்த்திருந்த வழக்கு ஒன்றை நினைவுகூர்வோம். 1952இல் தோன்றியது தென்னிந்திய நடிகர் சங்கம். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் எம்.ஜி.ஆரும் தலைமை ஏற்றிருந்த அமைப்பு அது. 2019 ஜூன் 23 அன்று அங்கே தேர்தல் நடந்தது. நாசர் அணி ஒருபுறம். பாக்யராஜ் அணி மறுபுறம். உறுப்பினர் 61 பேரின் வாக்குரிமை பறிபோயிற்று என்ற முறையீட்டின் பேரில், வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்னர் பதிவாளர் தடை விதித்தார். சென்னை உயர் நீதிமன்றம் வாக்களிக்க இசைந்தது; எண்ணுவதற்கு இசையவில்லை. 2020 ஜனவரியில் தனி நீதிபதி தேர்தல் செல்லாது என்றார். 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நீக்கி, வாக்குகளை எண்ணச் சொல்லிற்று. மார்ச் 20 அன்று எண்ணினர். நாசர் அணி வென்றது.

எந்த அணி நல்லணி என்று தீர்ப்புக் கூற நாம் வரவில்லை. நம் நெஞ்சை உறுத்துவது இதுதான்: உறுப்பினர் அளித்த வாக்கு இரண்டு ஆண்டு ஒன்பது மாதம் முத்திரையிட்ட பெட்டிக்குள் ஊமையாய்க் கிடந்தது. புகழும் பொருளும் படைத்தோர் சங்கத்துக்கே இந்நிலை என்றால், வழக்கறிஞர் கட்டணத்துக்கு வழியில்லாத சிற்றூர் மன்றத்தின் கதி என்ன? பூட்டுத் தொங்கும், நூல்கள் கரையானுக்கு இரையாகும், நண்பர் இருவர் தெருவில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வர்.

ஆரணியில் பட்டு நெய்வோரைக் கேளுங்கள். பாவில் எத்தனை இழை என்று எண்ணி முடித்த பின்னரே அதைத் தறியில் ஏற்றுகிறார்கள். நெய்யும்போது ஊடையின் வண்ணத்தை மாற்றலாம். பாவின் இழையை விருப்பம்போல் கூட்டவோ குறைக்கவோ துணிவார் உண்டா? உறுப்பினர் பட்டியல்தான் மன்றத்தின் பாவு. தேர்தல் அறிவித்த பிறகு அதில் கைவைப்பவர் சேலையையே கெடுக்கிறார்.

வாக்காளர் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பது தேர்தல். பொறுப்பாளர் வாக்காளரைத் தேர்ந்தெடுத்தால், அதற்கு என்ன பெயர்?

"தேர்தலுக்கு முதல் நாள் நூறு பேருக்குச் சந்தா கட்டிக் கூட்டிவந்தால் பார்த்துக்கொண்டிருப்பதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! அந்த வஞ்சகத்தைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் முகம் பார்த்துத் தடுப்பது வேறு. முறை வைத்துத் தடுப்பது வேறு. சேர்ந்து ஆறு திங்கள் ஆகாதவர்க்கு வாக்கு இல்லை என்று முன்னரே விதி செய்யுங்கள். அது நம் ஆளையும் தடுக்கட்டும், மாற்றார் ஆளையும் தடுக்கட்டும். ஆள் வந்த பிறகு செய்யும் விதியோ விதியன்று. வேலி என்ற பெயரில் போடும் பொறி.

விதி முன்கூட்டி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் பொறித்தவை அவ்விதிகள். குடவோலை முறையைப் புகழாத மேடை இல்லை. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் பொறுப்புக்கு வரக்கூடாது என்று அன்றே எழுதினார்கள். அதைப் போற்றுவோம். ஆனால் அதே கல்லில், கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறதே! உழுதவனுக்கு அங்கே ஓலை ஏது? விதி தெளிவாகத்தான் இருந்தது. நீதிதான் குறைவாக இருந்தது. சொந்தத் தறி உள்ளவனே உறுப்பினன் என்று இன்று ஒரு நெசவாளர் மன்றம் விதி செய்தால், கூலிக்கு நெய்பவன் வெளியே நிற்பான். ஆயிரம் ஆண்டு கடந்தும் அதே கதவு, அதே பூட்டு!

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, உறுப்பினர் பதிவேடு வைக்கச் சொல்கிறது. நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்றாண்டைத் தாண்டக்கூடாது என்கிறது. எஞ்சியதை நாமே செய்துகொள்ள வேண்டும். தேர்தலுக்கு ஒரு திங்கள் முன்னரே பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். ஒருவரை நீக்குவதானால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, அவர் மறுமொழியைக் கேட்ட பின்னரே நீக்குங்கள். போட்டியிடாத மூவரை, பூசல் எழுமுன்னரே, இரு சாராரும் ஒப்பி நடுவராக அமர்த்துங்கள். பத்து நாளில் அவர்கள் முடிவு சொல்லட்டும். யார் வெல்வார் என்று தெரியாத வேளையில் ஒப்புக்கொள்ளும் விதியே எல்லார்க்கும் பொதுவான விதி.

பகுத்தறிவு பேசும் இளைஞர்களே! கடவுளுக்குச் சான்று கேட்கும் நாம், நம் மன்றத்துப் பட்டியலுக்குச் சான்று கேட்கக் கூசலாமா? "நம்மவர் செய்தால் சரி" என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. நமக்கு எதிராக வாக்களிப்பான் என்று தெரிந்த ஒருவனின் பெயர் பட்டியலில் விடுபட்டிருந்தால், அதைச் சேர்க்கச் சொல்லி முதலில் எழ வேண்டியவர் நாம்தான். அவன் வாக்கால் நாம் தோற்க நேரிடலாம். நேரட்டும்! மறுநாள் மாலை அதே மன்றத்தில், அவனுக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஏடு புரட்ட நம்மால் முடியும்.